ஸ்க்ரூ டப்பாவுல 112 மாத்திரை: அப்பாவோட முதல் ஒன்பது மாச சுகர்

தோள்பட்டை வலின்னு போனதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. அப்பாவுக்கு 64 வயசு, ஒரு ஃபேக்டரில மெயின்டனன்ஸ் ஃபோர்மேனா 31 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவரு, வலது கை தோளுக்கு மேல ஏறல, சட்டை மாட்ட அம்மா கை குடுக்கணும், ஆனாலும் டாக்டர்கிட்ட வரமாட்டேன்னு நாலு மாசம் ஓட்டிட்டாரு. கடைசில இழுத்துட்டுப் போனப்ப எலும்பு டாக்டர் கைய அப்படி இப்படி திருப்பிப் பாத்துட்டு "ஃப்ரோஸன் ஷோல்டர் மாதிரி இருக்கு, சுகர் இருக்கா"ன்னு கேட்டாரு. தோளுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்னு நாங்க முழிச்சோம். சுகர் இருக்கறவங்களுக்கு தோள்பட்டை இறுகிப்போறது மத்தவங்கள விட நிறைய வருமாம். ரத்தம் குடுத்தோம். வெறும் வயித்துல 178, மூணு மாச ஆவரேஜ்னு சொல்ற ஹெச்பிஏ1சி 9.1.

"தோளக் காட்டப் போனா சுகர்ங்கறான், நாளைக்குப் பல்லக் காட்டுனா ஹார்ட்டும்பான்." இதுதான் அப்பாவோட முதல் ரியாக்‌ஷன். ரெண்டாவது, "ஒரு தடவை பாத்துட்டு எப்படிச் சொல்ல முடியும், திரும்ப எடுக்கச் சொல்லு." இது நியாயமான கேள்விதான், ஆனா வெறும் வயித்துல 126, ஹெச்பிஏ1சில 6.5, இந்த ரெண்டு கோட்டையும் ஒரே நாள்ல தாண்டிட்டா ஊர்ஜிதம் பண்ண இன்னொரு டெஸ்ட் வேண்டாம். அப்புறம் உக்காந்து யோசிச்சுப் பாத்தா எல்லாம் முன்னாடியே இருந்திருக்கு, ராத்திரி மூணு தடவை எந்திரிச்சது (வயசாச்சுல்ல), 4 கிலோ குறைஞ்சது (நடக்கறாருல்ல), கண்ணாடி பவர் மாத்தியும் மங்கலா இருக்குன்னு சொன்னது (கண்ணாடிக்காரன் சரியில்ல). ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதில் வச்சிருந்தோம்.

இத எதுக்கு எழுதறேன்னா, இதுல நாங்க மூணு மாசம் வீணாக்கினோம், அப்பா பிடிவாதம்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டு. அது பிடிவாதம் இல்ல. மூணு தனித்தனி காரணம், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம. அத யாரும் கேக்கல, அவரும் சொல்லல.

முதல் மூணு மாசம், நாங்க பண்ண கூத்து

டாக்டர் மெட்ஃபார்மின் 500 காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு எழுதிக் குடுத்தாரு, நடங்க, சாப்பாட்டக் கட்டுப்படுத்துங்க, மூணு மாசம் கழிச்சு வாங்கன்னாரு. மொத்தமா பத்து நிமிஷம். வீட்டுக்கு வந்த உடனே ஆளாளுக்கு ஒரு வேலைய எடுத்துக்கிட்டோம். அம்மா சர்க்கரை டப்பாவ பரண் மேல ஏத்திட்டாங்க. வெளியூர்ல இருக்கற தம்பி தினமும் வீடியோ அனுப்ப ஆரம்பிச்சான், ஒண்ணுல பழமே தொடக்கூடாதுங்கறாங்க, அடுத்ததுல பழம் மட்டும் சாப்பிடுங்கங்கறாங்க. நான் ஒரு எக்ஸல் ஷீட் போட்டு, நேரம், சாப்பாடு, மாத்திரை, நடைன்னு கலர் கலரா பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன். இப்ப நெனச்சா எனக்கே கூசுது. 31 வருஷம் ஷிஃப்ட் ஷெட்யூல் போட்டு 40 பேருக்கு வேலை பிரிச்சுக் குடுத்த மனுஷனுக்கு நான் டைம்டேபிள் ஒட்டறேன். அதுல ஒரு கட்டம் கூட அவரு டிக் பண்ணல, ரெண்டாவது வாரத்துல அது கீழ விழுந்துச்சு, யாரும் எடுத்து ஒட்டல.

ரெண்டாவது மாசத்துல ஒரு நாள் காலைல வாக்கிங் போயிட்டு வந்தவரு வேர்த்துக் கொட்டி, கை நடுங்க, பேச்சு கொழறி வாசப்படில உக்காந்துட்டாரு. மெஷின்ல பாத்தா 58. எழுபதுக்குக் கீழ போனாலே லோ சுகர், 15 கிராம் சர்க்கரை குடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாக்கணும்னு நான் படிச்சு வச்சிருந்தேன், ஆனா சர்க்கரை எங்க இருக்கு? பரண் மேல. அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, நான் ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டு, இறக்கி நாலு ஸ்பூன் தண்ணில கலக்கி குடிக்க வச்சோம், கால் மணி நேரத்துல 84 வந்துச்சு. என்னாச்சுன்னு கேட்டா கூட வாக்கிங் வர்ற ஃப்ரெண்ட் தன்னோட மாத்திரைய குடுத்திருக்காரு, "இது ஒத்துக்கும், வயித்த ஒண்ணும் பண்ணாது"ன்னு. அது கிளிமிபிரைடு. கணையத்த முடுக்கி இன்சுலின சுரக்க வைக்கற மருந்து, அத வெறும் வயித்துல போட்டு நடந்தா இப்படித்தான் இறங்கும். மெட்ஃபார்மின் தனியா போட்டா இந்த மாதிரி லோ ஆகறது அபூர்வம்.

நாங்க எல்லாரும் சேந்து கத்தினோம், அடுத்தவங்க மாத்திரைய யாராவது போடுவாங்களான்னு. கத்த வேண்டியதுதான், தப்பில்ல. ஆனா "வயித்த ஒண்ணும் பண்ணாது"ன்னு அந்த ஃப்ரெண்ட் ஏன் சொன்னாரு? அப்பா அவர்கிட்ட ஏதோ சொல்லியிருக்கணும்ல? அந்தக் கேள்வி எங்க யாருக்கும் வரல.

வெறும் வயித்துல 121, ஆனா 8.9

மூணாவது மாச டெஸ்ட். ஃபாஸ்டிங் 121. அம்மா ஸ்வீட் குடுக்காத குறையா சந்தோஷப்பட்டாங்க, தம்பி ஃபோன்ல கை தட்டுனான், அப்பாவும் நாற்காலில சாஞ்சு உக்காந்து "நான்தான் சொன்னேன்ல"ன்னாரு. மறுநாள் ஹெச்பிஏ1சி ரிசல்ட் வந்துச்சு, 8.9. டாக்டர் ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம அப்பாவ ஒரு பார்வை பாத்தாரு.

ரத்த சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும், அது ஓடற ரத்தத்துல எவ்வளவு சர்க்கரை இருந்துச்சோ அதுக்கேத்த மாதிரி அதோட ஹீமோகுளோபின்ல சர்க்கரை ஒட்டிக்கும், ஒட்டினது போகாது. அதனால பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கற மாதிரி இதுக்கு ரெடியாக முடியாது. (கடும் ரத்தசோகை, இல்ல ஹீமோகுளோபின் கோளாறு இருந்தா இந்த நம்பர் தப்பாக் காட்டும், அப்பாவுக்கு அதெல்லாம் நார்மல்.) 8.9ன்னா சராசரி 209 கிட்ட. அப்ப அந்த 121 எப்படி வந்துச்சு? டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு நாள் பேருக்கு சாப்பிட்டு, அந்த ஒரு வாரம் மட்டும் மாத்திரைய ஒழுங்கா முழுங்கியிருக்காரு.

இது அவரா சொன்னது இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை கதவுத் தாழ்ப்பாள் ஆடுதுன்னு ஸ்க்ரூ எடுக்க அவரோட டூல் பாக்ஸத் திறந்தேன். அதுல ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா, உள்ள சின்னச் சின்ன தடுப்பு, ஒவ்வொரு தடுப்புலயும் ஒவ்வொரு சைஸ் ஸ்க்ரூ, வாஷர், நட்டு, அதெல்லாம் அவரு எப்பவும் அடுக்கற மாதிரி. கடைசி ரெண்டு தடுப்புல வெள்ளை மாத்திரை. ஸ்ட்ரிப்புல இருந்து ஒவ்வொண்ணா பிதுக்கி எடுத்து வச்சிருக்காரு, அம்மா காலி ஸ்ட்ரிப்ப எண்ணுவாங்கன்னு தெரியும்ல. எண்ணிப் பாத்தேன், 112.

தரையில உக்காந்தபடியே ரொம்ப நேரம் அந்த டப்பாவப் பாத்துட்டு இருந்தேன். கோவம் வந்துச்சு, அப்புறம் சிரிப்பு, அப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. சிங்க்ல கொட்டியிருக்கலாம், குப்பைல போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அடுக்கி வச்சிருக்காரு.

மூடி வச்சுட்டேன். அம்மாகிட்ட சொல்லல. சாயங்காலம் மொட்டை மாடில அவரு தனியா இருந்தப்ப போயி, "அப்பா, அந்த மாத்திரை உங்கள என்ன பண்ணுது?"ன்னு மட்டும் கேட்டேன். ஏன் போடலன்னு கேக்கல. இந்த ஒரு சொல்லு மாத்தினது எப்படி எனக்குத் தோணுச்சுன்னு தெரியல, அந்த ஃப்ரெண்ட் சொன்னது எங்கயோ உள்ள கெடந்திருக்கலாம். ரொம்ப நேரம் கழிச்சு, "வயிறு நிக்க மாட்டேங்குதும்மா"ன்னாரு.

முதல் காரணம்: வயிறு

ரெண்டாவது வாரத்துல பஸ்ல போகும்போது அடக்க முடியாம ஆயிருக்கு. பாதி வழில இறங்கி, எப்படியோ சமாளிச்சு, நடந்தே வீட்டுக்கு வந்து, யாருக்கும் தெரியாம வேட்டிய அலசிப் போட்டிருக்காரு. பொண்டாட்டிகிட்ட கூட சொல்லல. அதுக்கப்புறம் வெளிய போற நாள்ல மாத்திரை இல்ல, வெளிய போகாத நாளே அவருக்குக் கிடையாது.

மெட்ஃபார்மினுக்கு வயித்துப்போக்கு, குமட்டல், கேஸ் ரொம்ப சாதாரணமான பக்கவிளைவு, ஆரம்பத்துல நிறைய பேருக்கு வரும். அதுக்கு வழியும் இருக்கு. சாப்பாட்டோட இல்ல சாப்பிட்ட உடனே போடணும், கொஞ்சமா ஆரம்பிச்சு வாரக்கணக்குல ஏத்தணும், அப்படியும் சேரலன்னா மெதுவா கரையற எக்ஸ்டெண்டட் ரிலீஸ் வகைக்கு மாத்தலாம். அப்பா என்ன பண்ணியிருக்காருன்னா, சுகர் மாத்திரைன்னா சாப்பாட்டுக்கு முன்னாடின்னு அவரா முடிவு பண்ணி வெறும் வயித்துல போட்டிருக்காரு. சீட்டுல எழுதியிருந்துச்சு, ஆனா அந்த எழுத்த படிக்க மருந்துக் கடைக்காரருக்கே தனி டிரெயினிங் வேணும்.

கூடவே ஒரு பயம், இந்த மாத்திரை கிட்னிய அரிச்சுடும்னு. இது ஊர் முழுக்க சுத்தற பேச்சு. மெட்ஃபார்மின் கிட்னிய கெடுக்கறது இல்ல, அது வெளியேறற வழிதான் கிட்னி, அதனால கிட்னி ஏற்கனவே பலவீனமா இருந்தா டோஸ குறைப்பாங்க, வடிகட்டற அளவ காட்டற இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ போயிட்டா நிறுத்திடுவாங்க. நிறுத்தினத பாத்தவங்க மாத்திரையாலதான் போச்சுன்னு சொல்லிட்டுத் திரியறாங்க. கெடுக்கறது சுகரும் பிபியும். அப்பாவுக்கு இஜிஎஃப்ஆர் 78. அந்த நம்பர காட்டி, இது 45க்குக் கீழ வந்தா டாக்டர் டோஸ திரும்ப யோசிப்பாருன்னு சொன்னப்பதான் கொஞ்சம் காது குடுத்தாரு. லிமிட் எங்க இருக்குன்னு தெரிஞ்சா அவருக்குப் போதும், "நல்லது, சாப்பிடுங்க"ன்னா போதாது.

திரும்ப டாக்டர்கிட்ட போனோம், 112 கதைய அப்பாவே சொன்னாரு. டாக்டர் சிரிச்சுட்டு மெதுவா கரையற வகைல 500 ராத்திரி சாப்பிட்ட உடனே ஒண்ணு மட்டும் குடுத்து, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொண்ணா ஏத்தி 1500க்கு கொண்டு வந்தாரு. வயிறு நின்னுச்சு.

ரெண்டாவது காரணம்: பெரியப்பா கால்

இது வெளிய வர இன்னும் மூணு வாரம் ஆச்சு. அந்த கிளினிக்ல சுகர் நோயாளிகளுக்கு சொல்லிக்குடுக்க தனியா ஒரு நர்ஸ் இருந்தாங்க, நாங்க அவங்கள முதல் மூணு மாசம் பாக்கவே இல்ல, யாரும் போகச் சொல்லவும் இல்ல. அவங்க அப்பாகிட்ட சாப்பாடு பத்தி ஒண்ணுமே கேக்கல. "இத உங்களால சமாளிக்க முடியும்னு எவ்வளவு நம்பிக்கை இருக்கு, பத்துக்கு எவ்வளவு சொல்லுவீங்க?"ன்னாங்க. அப்பா "மூணு"ன்னாரு. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, ஏம்ப்பா மூணுதானான்னு. அவங்க கேட்டது வேற, "ஏன் சைபர் சொல்லல?"

அப்பா யோசிச்சாரு. "மாத்திரைய தூக்கிப் போடலயே. வச்சிருக்கேன்ல."

மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங்னு ஒரு முறை, வில்லியம் மில்லர்ங்கறவர் 1983ல குடிப்பழக்கம் உள்ளவங்களுக்காக எழுதினது, அப்புறம் ஸ்டீஃபன் ரோல்னிக்கும் அவரும் சேந்து வளத்தாங்க, அதுல வர்ற கேள்வி இது. ஏன் கம்மின்னு கேட்டா ஆளு தன்னால முடியாததுக்குக் காரணம் அடுக்குவாரு, ஏன் இன்னும் கம்மி இல்லன்னு கேட்டா தன்னால முடிஞ்சத அவரே தேடிச் சொல்லுவாரு. சின்னத் தந்திரம்தான். நான் மூணு மாசம் போட்ட சண்டைய அது அரை நிமிஷத்துல தாண்டிப் போயிடுச்சு.

அதுக்கப்புறம்தான் அந்தக் கதை வந்துச்சு. பெரியப்பாவுக்கு 12 வருஷம் சுகர், மாத்திரைல ஆரம்பிச்சு, ஒரு மாத்திரை ரெண்டாகி, ரெண்டு நாலாகி, கடைசில இன்சுலின், இன்சுலின் ஆரம்பிச்சு ஆறு மாசத்துல கால் விரல், அப்புறம் முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரில கூட படுத்துக் கெடந்தது எங்கப்பாதான். கட்டு பிரிக்கறப்ப கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தது அவருதான். அவரு கணக்கு தெளிவா இருந்துச்சு, மாத்திரைங்கறது முதல் படிக்கட்டு, அதுல கால வச்சா கடைசிப் படில கால் இருக்காது.

நர்ஸ் அத மறுக்கல. கால் டெஸ்ட் பண்ணலாமான்னு கேட்டு, அப்பாவ கண்ண மூடச் சொல்லி, ஒரு நைலான் நூலு, 10 கிராம் அழுத்தத்துல வளையற மாதிரி செஞ்சது, அத பாதத்துல ஒவ்வொரு இடமா தொட்டு, தெரியும்போது சொல்லுங்கன்னாங்க. "இப்ப." "இப்ப." நடுவுல ஒரு தடவை சும்மா இருந்தாங்க, அப்பாவும் சும்மா இருந்தாரு, எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு, அவங்க தொடவே இல்லன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. எல்லா இடமும் சரியா சொன்னாரு. "உங்க அண்ணனுக்கு இத எப்ப பண்ணாங்க?" பண்ணதே இல்ல. புண்ணு வந்து பத்து நாள் கழிச்சுதான் அவருக்கே தெரிஞ்சுது, செருப்புக்குள்ள ஒரு ஆணி குத்தியிருந்துச்சு, வலிக்கல.

அதே வாரம் கண்ணுல மருந்து விட்டு விழித்திரை பாத்ததுல சின்னதா ரெண்டு மூணு ரத்தப்புள்ளி, ஆரம்ப நிலை, ட்ரீட்மென்ட் வேண்டாம், வருஷா வருஷம் பாக்கணும்னாங்க. அம்மா அழுதாங்க. ஆனா அப்பாவோட கணக்க உடைச்சது இதுதான். அவரு இன்னும் ஒழுங்கா ஒரு மாசம் கூட மாத்திரை போடல, அப்ப இந்தப் புள்ளி எதால வந்துச்சு? பிரிட்டன்ல 1977ல ஆரம்பிச்ச யுகேபிடிஎஸ்ங்கற ஆய்வுல 5,102 பேர சேத்தாங்க, எல்லாருக்கும் சுகர்னு அப்பதான் புதுசா தெரிஞ்சுது, ஆனா அதுல சுமார் பாதி பேருக்கு சேரும்போதே ஏதாவது ஒரு பாதிப்பு ஆரம்பிச்சிருந்துச்சு. சுகர் சத்தமில்லாம வருஷக்கணக்குல ஓடியிருக்கு. 1998ல வந்த முடிவுல, ஹெச்பிஏ1சிய 7.9 அளவுல விட்டவங்கள விட 7.0 கிட்ட வச்சவங்களுக்கு கண்ணு, கிட்னி மாதிரி சின்ன ரத்தக்குழாய் பாதிப்பு 25 சதவீதம் குறைஞ்சுது. பெரியப்பாவுக்கு இன்சுலின் கால எடுக்கல, இன்சுலின் லேட்டா வந்துச்சு. இத நான் சொல்லல, அப்பாவே வீட்டுக்கு வர்ற வழில சொன்னாரு. "அண்ணனுக்கு அலாரம் அடிக்கும்போது பேரிங் ஏற்கனவே போயிருச்சு."

மூணாவது காரணம்: தட்டு

இது எங்க தப்பு, குறிப்பா என்னோடது. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல பத்து பேர் முன்னாடி, என் பையன் பக்கத்துல உக்காந்திருக்கும்போது, அப்பா தட்டுல இருந்து இனிப்ப நான் எடுத்தேன். "தாத்தாவுக்கு சுகர்டா, நீ சாப்பிடு." அவரு எந்திரிச்சு கை கழுவிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் வீட்டுல நல்ல பிள்ளையா சாப்பிட்டு வெளிய போயி சாப்பிட ஆரம்பிச்சாரு, அது எங்களுக்குத் தெரியாது.

இத சரி பண்ண நான் முதல்ல ஒரு மன்னிப்பு கேட்டேன், சரி சரின்னு கைய ஆட்டிட்டாரு. அடுத்து எது எதெல்லாம் விடணும்னு பேசாம, "எத உங்களால விடவே முடியாது, அத சொல்லுங்க, அதுல நாங்க யாரும் கை வைக்க மாட்டோம்"னேன். காலை டீ, ரெண்டு ஸ்பூன் சர்க்கரையோட. ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாடு, இஷ்டத்துக்கு. அவ்வளவுதான் கேட்டாரு. கணக்குப் போட்டுப் பாத்தா எனக்கு வெக்கமாயிடுச்சு, ஒரு ஸ்பூன் சர்க்கரை 4 கிராம், ரெண்டு ஸ்பூன்னா 8. தட்டுல குவிச்சு வைக்கற மாவுச்சத்து ஒரு வேளைக்கே 90 கிராம் தாண்டும், அது வயித்துல போயி குளுக்கோஸாத்தான் ஆகும். நாங்க 8 கிராமுக்கு மூணு மாசம் சண்டை போட்டுட்டு 90 கிராம ரெண்டு வேளையும் அன்பா பரிமாறிட்டு இருந்திருக்கோம். டீ எட்டோட நின்னுச்சு, தட்டுல பாதிக்கு காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மிச்சக் கால்ல மாவு அயிட்டம். அம்மா பரண்ல இருந்து டப்பாவ இறக்கினாங்க.

மீட்டர்

மீட்டர் முதல் வாரமே வாங்கினதுதான், ஆனா அது என் கைல இருந்துச்சு. நான் குத்துவேன், நான் பாப்பேன், நான் உச்சு கொட்டுவேன். நாலாவது மாசம் அத அவர்கிட்ட குடுத்தேன். முதல் நாளே அடுத்தடுத்து ரெண்டு தடவை பாத்துட்டு, "142, 155. ஒரே விரல், ஒரே நிமிஷம். உங்க மெஷின் டுபாக்கூர்"ன்னாரு. வீட்டு மீட்டருக்கு இருக்கற ஐஎஸ்ஓ 15197 ஸ்டாண்டர்ட்படி நூறுக்கு மேல இருந்தா 100 ரீடிங்ல 95 ஆவது லேப் மதிப்புக்கு 15 சதவீதம் கூட குறைய உள்ளுக்குள்ள வரணும், அவ்வளவுதான் கேக்கறாங்க. அத சொன்னேன். "ஓ, டாலரன்ஸா. அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே." அவரு வாழ்க்கை பூரா டாலரன்ஸோட வாழ்ந்தவரு. அதுக்கப்புறம் 5, 10 வித்தியாசத்துக்கு சண்டையும் இல்ல, சந்தோஷமும் இல்ல.

இன்னொரு நாள் 283ன்னு காட்டி வீடே பதறிப் போச்சு. அப்பா மட்டும் யோசிச்சு, "இரு, இப்பதான் பழம் உரிச்சேன்"ன்னு போயி சோப்பு போட்டுக் கை கழுவித் தொடச்சுட்டு வந்து பாத்தாரு, 149. விரல்ல ஒட்டின பழச்சாறு ஒரு சொட்டு ரத்தத்துல கலந்தாலே போதும் நம்பர் எகிறிடும். அன்னைல இருந்து கை கழுவாம யாரும் மீட்டரத் தொடக் கூடாது, அவரு ரூல். விரல் நுனி நடுவுல குத்தாம ஓரமா குத்தினா வலி கம்மின்னும் அவரே கண்டுபிடிச்சாரு, நர்ஸ் சொன்னப்ப நான்தான் கவனிக்கல.

பழைய ஃபேக்டரி லாக் புக் மாதிரி ஒரு நீள நோட்டுல ரூல் போட்டு எழுத ஆரம்பிச்சாரு. சாப்பிடறதுக்கு முன்னாடி, சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு, என்ன மாத்தினேன். ஒரு தடவைக்கு ஒரு மாத்தம்தான். அதே ராத்திரி சாப்பாடு, சும்மா உக்காந்திருந்தா 231, சாப்பிட்டு 15 நிமிஷம் நடந்தா 178. மூணு நாள் திரும்பத் திரும்பப் பண்ணிப் பாத்தாரு, கிட்டத்தட்ட அதே வித்தியாசம். வேலை செய்யற தசை இன்சுலின ரொம்ப எதிர்பாக்காம ரத்தத்துல இருந்து சர்க்கரைய இழுத்துக்கும், அதனாலதான். அப்புறம் காயையும் முட்டையையும் முதல்ல சாப்பிட்டு மாவு அயிட்டத்த கடைசில சாப்பிட்டா ஏறறது குறையுதுன்னு பாத்தாரு, அதுல எதையும் விட வேண்டாம், வரிசைய மாத்தினா போதும்ங்கறதால அது அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எல்லாருக்கும் இவ்வளவு குத்திப் பாக்க வேண்டியதில்ல, மாத்திரை மட்டும் போடறவங்களுக்கு தினமும் டெஸ்ட் கட்டாயம் கிடையாதுன்னுதான் டாக்டரும் சொன்னாரு. அப்பாவுக்கு அது தேவைப்பட்டுச்சு, சுகருக்காக இல்ல, அவருக்காக.

அஞ்சாவது மாசச் சறுக்கல்

எல்லாம் நல்லா போயிட்டிருக்கும்போது தோளுக்கு ஒரு ஊசி போட்டாங்க. மூட்டுக்குள்ள போடற ஸ்டீராய்டு. மறுநாள் சாயங்காலம் 312. அதுக்கு மறுநாள் 296. எதையும் மாத்தல, நடந்தாரு, மாத்திரை போட்டாரு, தட்டு அதே தட்டு. நோட்ட மூடி வச்சுட்டு, "பாத்தியாம்மா, என்ன பண்ணாலும் இது இப்படித்தான்"ன்னு படுத்துட்டாரு. ரெண்டு நாள் மாத்திரையும் போடல. ஸ்டீராய்டு ஊசி சுகர சில நாளைக்கு நல்லா ஏத்தி விடும், அது எல்லா டாக்டருக்கும் தெரிஞ்ச விஷயம், ஆனா எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா அவரு அத நோட்டுல ஒரு தனிக் கட்டமா எழுதியிருப்பாரு, அவ்வளவுதான். எனக்கு அந்த ஊசி போட்டவர் மேல இன்னும் வருத்தம் இருக்கு. சுகர் டாக்டர் ஃபோன்லயே சொன்னாரு, நிறைய தண்ணி குடிங்க, மாத்திரைய நிறுத்தாதீங்க, 300க்குக் கீழ இறங்கலன்னா வாங்கன்னு. எட்டாவது நாள் 160க்கு வந்துச்சு. அப்பா நோட்டத் திறந்து அந்த எட்டு நாளையும் சிவப்பு பேனால கட்டம் கட்டி "ஊசி"ன்னு எழுதினாரு.

அதே சமயத்துல தம்பி ஒரு பவுடர் விளம்பரத்த அனுப்பினான், சுகர அடியோட ரிவர்ஸ் பண்ணுமாம். அப்பாவுக்கு இருக்கற மாதிரி டைப் டூ சுகர் தணிஞ்சு போறது பொய் இல்ல, 2017ல வந்த டைரக்ட்ங்கற ஆய்வுல கடுமையான குறைந்த கலோரி டயட்ல இருந்தவங்கள்ல 46 சதவீதம் பேர் ஒரு வருஷ முடிவுல மருந்து இல்லாம நீரிழிவு அளவுக்குக் கீழ வந்தாங்க. ஆனா அது பவுடர் வித்தை இல்ல, எடை குறைஞ்சது, 15 கிலோவும் அதுக்கு மேலயும் குறைச்சவங்களுக்குத்தான் பெருசா பலன். அவங்க எல்லாரும் எடை அதிகமா இருந்தவங்க, சுகர் வந்து ஆறு வருஷத்துக்கு உள்ள இருந்தவங்க, டாக்டர் கண்காணிப்புல இருந்தவங்க. அப்பா ஏற்கனவே 4 கிலோ தானா குறைஞ்சு ஒல்லியா நிக்கறாரு. தம்பிக்கு இதயெல்லாம் நான் விளக்கல, அப்பாவே ஃபோன வாங்கி "அதுல என்ன கலந்திருக்குன்னு டப்பால எழுதியிருக்காடா?"ன்னு கேட்டாரு. எழுதல. பேச்சு முடிஞ்சுது.

இப்ப

ஆறாவது மாசம் ஹெச்பிஏ1சி 7.8, அதுல அந்த ஊசி வாரமும் சேந்திருக்கு. ஒன்பதாவது மாசம் 6.9, சராசரிக்கு மாத்தினா 151 கிட்ட, ஆரம்பத்துல இது 214. பெரும்பாலானவங்களுக்கு ஏழுக்குக் கீழங்கறதுதான் குறி, ரொம்ப வயசானவங்களுக்கும் அடிக்கடி லோ ஆகறவங்களுக்கும் கொஞ்சம் தளர்த்துவாங்க. யூரின்ல புரதம் கசியல. கை இப்ப தோளுக்கு மேல போகுது, முழுசா இல்ல.

சரியாகாததும் இருக்கு. வாக்கிங் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இன்னும் சுகர்னு சொல்லல, அந்த ஒருத்தர தவிர. தினமும் பாதத்தப் பாருங்கன்னா பாக்க மாட்டாரு, ஆனா செருப்பு போடறதுக்கு முன்னாடி கவுத்துத் தட்டிட்டு, உள்ள விரல விட்டுத் தடவிப் பாத்துட்டுதான் போடறாரு, ஏன்னு நாங்க கேக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் கழிச்சு 240 கூட வரும், எழுதறாரு, அதுக்குப் பக்கத்துல "ஞாயிறு"ன்னு போட்டுட்டு மாடில நடக்கப் போயிடறாரு. போன தடவை டாக்டர் கொழுப்புக்கு ஒரு மாத்திரை எழுத பேனா எடுத்தப்ப, "எதுக்குன்னு சொல்லிட்டு எழுதுங்க சார், வயித்த என்ன பண்ணும்னும் சொல்லுங்க"ன்னாரு.

அந்த 112 மாத்திரைய மருந்துக் கடைல திருப்பிக் குடுத்து அழிக்கச் சொல்லிட்டோம். டப்பா இப்பவும் டூல் பாக்ஸ்லதான் இருக்கு. அந்த ரெண்டு தடுப்புல இப்ப மீட்டருக்கு ஸ்பேர் பேட்டரி.